புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது

பெனிட்டா, பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு,
இயற்பியல் ரெக்கார்டு நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.
அனுப்பியவரின் குறிப்பில் ஒரே வரி:
‘சொன்னால் கேட்பதில்லை. கவுன்சலிங் தேவை.’

என் அறை முன்பு விளையாட்டுச் சாமான் அறை.
பாதி மூச்சு போன வாலிபால் ஒன்று
இன்னும் அலமாரி மேல் கிடக்கிறது.
எடுத்துப் போகச் சொல்லி
ஜூன் மாதத்திலிருந்து கடிதம் எழுதப்போகிறேன்.

உட்கார் என்றேன். உட்கார்ந்தாள்.
ஜன்னல் வழியே ராயபுரத்து வானத்தைப் பார்த்தாள்.
வெயில்.
நவம்பரில் இப்படியொரு துரோக வெயில்.

“நேத்து ரெட் அலர்ட் சொன்னாங்க மிஸ்.
லீவு விட்ருவாங்கன்னு நம்பி
ஒம்பது மணிக்கே நோட்ட மூடி வெச்சேன்.
பத்துக்கு ஒருதரம் டிவி, பதினொன்னுக்கு ஒருதரம் போன்.
காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பாத்தா
புயல் ஆந்திராவுக்குப் போயிடுச்சு.”

சிரிக்கக் கூடாது, பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
சிரித்துவிட்டேன்.
அவளும்.

பயிற்சியில் வேறு பலவும் சொன்னார்கள்:
கால அட்டவணை, மூன்று வண்ணப் பேனா,
பெரிய வேலையைச் சிறு துண்டாய் நறுக்குவது.
அவளிடம் அட்டவணை ஏற்கெனவே இருந்தது.
நான்கு இருந்தன.
ஒன்றுக்கு ஜிகினாத் தாளில் ஓரம் கட்டியிருந்தாள்.

“அப்பா காசிமேட்டுல ஐஸ் கம்பெனி மிஸ்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் போவாரு.
லாஞ்சு கெளம்புறதுக்குள்ள ஐஸ ஒடைச்சு ஏத்தணும்.
அவருக்கு நாளைன்னு ஒண்ணு இல்லவே இல்ல.
எனக்கு மட்டும் எப்படி மிஸ் இவ்ளோ நாளைங்க?”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நோட்டைக் கொடு என்றேன்.
தயங்கித் தந்தாள்.
முதல் பக்கம், திருகு அளவி.
அச்சடித்தது போல் எழுத்து,
ஸ்கேல் வைத்த கோடு, படத்துக்கு நிழல்கூட.
கீழே சிவப்பு மையில்: மிக நன்று.
அப்புறம் வெள்ளை.
வெள்ளை, வெள்ளை,
நடுவில் ‘தனி ஊசல்’ என்றொரு தலைப்பு,
அதையும் அழித்த தடம்.
ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து
அடுத்த பக்கத்தின் கோடு தெரிகிறது.

சோம்பேறி இப்படி அழிக்க மாட்டாள்.

அந்த ‘மிக நன்று’ மேல் விரல் வைத்தேன்.
கடன் கொடுத்தவர் தெருவில் எதிர்ப்பட்டது போல
அவள் பார்வை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“இதை மோசமா எழுது.”
“எங்க மிஸ்?”
“இங்கேயே. கோணல் மாணலா. பத்து நிமிஷம்.”
“சார் திட்டுவாரு.”
“திட்டட்டும்.
திட்டுறதுக்கும் ஏதாவது இருக்கணும்ல.”

எழுதத் தொடங்கினாள்.
பேனா ஓடும் சத்தத்துக்கு எதிரே
சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.
இழுப்பறையைத் திறந்தேன்.
‘மாணவர் சந்திப்பு அறிக்கை:
சந்தித்த அன்றே நிரப்பித் தரவும்.’
பத்தொன்பது படிவங்கள்.
முதலாவதில் பெயர் மட்டும்,
என் மிக அழகான எழுத்தில்.

“என்ன மிஸ் அது?” தலை நிமிராமல் கேட்டாள்.
“என் ரெக்கார்டு நோட்டு.”

அதன்பின் பேசவில்லை.
கடற்கரை போகும் மின்ரயில் ஒன்று கடந்தது.
இருபது அலைவுக்கு அவள் எழுதிய நேரம் தப்பு,
கலைப் பிரிவு படித்த எனக்கே தெரிந்தது.
விட்டுவிட்டேன்.

மணி அடித்தபோது அவளுக்கு இரண்டு பக்கம்.
நூல் வளைந்து, குண்டு முட்டையாகி,
ஊசல் ஏதோ சாலையோரத்துப் பூசணிக்காய் போலிருந்தது.
எனக்கு மூன்று படிவம்.
மூன்றாவதில் தேதியைத் தப்பாகப் போட்டு
மேலேயே திருத்தியிருந்தேன்.

கதவருகே நின்றவள்
அலமாரியை அண்ணாந்து பார்த்தாள்.
“அந்த பால் யாருது மிஸ்?”

“அது பெரிய கதை,” என்றேன்.
“நாளைக்குச் சொல்றேன்.”